சண்டிலிப்பாய்ப் பகுதியும் சிறுவர் படநூல்களும்: பார்வை மாறிய வரலாறு

யாழ்ப்பாண நகரிலிருந்து ஆனைக்கோட்டை, மானிப்பாய் வழியாகக் காரைநகர் நோக்கிச் செல்லும் வீதியில், மானிப்பாய்க்கும் சங்கானைக்கும் இடையே அமைந்த சண்டிலிப்பாய், கல்வளைப் பிள்ளையார் கோயிலாலும் சீரணி நாகபூஷணி அம்மன் கோயிலாலும் பெயர்பெற்ற ஊராகும். இன்றைய நிருவாக ஒழுங்கில் வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகப் பிரிவு இவ்வூரின் பெயராலும் வழங்குவதால், மானிப்பாய், நவாலி, ஆனைக்கோட்டை, சுதுமலை, பண்டத்தரிப்பு, மாதகல் முதலிய அயலூர்களையும் உள்ளடக்கியே சண்டிலிப்பாய்ப் பகுதி என்னும் தொடர் இங்கு ஆளப்படுகிறது. வேற்று நாட்டாரின் வாழ்க்கையையும் புலம்பெயர்ந்தோரின் அனுபவத்தையும் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்லும் படநூல்கள், அதாவது சொல்லும் ஓவியமும் சமபங்கு கொண்டு கதையை நடத்திச் செல்லும் நூல்கள், பெருநகரப் பதிப்பகங்களுக்கே உரியவை என்று எண்ணுவது வழக்கம். ஆயினும் இச்சிறு பரப்பு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அந்நூல்களின் வரலாற்றோடு தொடர்புடையதாக இருந்து வந்துள்ளது. முதலில் பிறநாட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டப்பட்ட பொருளாகவும், பின்னர் தன் பிள்ளைகளுக்குத் தானே பாடிய ஊராகவும், இறுதியில் தன்னைக் கண்டறியாத பேரப்பிள்ளைகளுக்கு விளக்கப்பட வேண்டிய தொலைதூர நாடாகவும் அது மாறியது. கண்முன் இல்லாத ஒன்றைக் கண்டறியச் செய்வதே குழந்தை நூலில் படம் ஆற்றும் முதற்பணி என்பதை மனத்திற் கொண்டால், இம்மூன்று நிலைகளும் ஒரே வரலாற்றின் பகுதிகள் என்பது புலப்படும்.

மரபுவழிக் கல்வியில் படத்துக்கு இடமிருக்கவில்லை. விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது, தட்டில் பரப்பிய பச்சையரிசியிற் குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்து அகரத்தை எழுதுவிப்பார்கள். அதன் பின் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்துப் பழகி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றை மனனம் செய்து, நிகண்டு எனப்படும் செய்யுள்வடிவச் சொற்பொருள் நூல்வரை அப்பிள்ளை முன்னேறும். பனையோலையில் எழுத்தாணியாற் கீறும் முறை எழுத்துக்கு ஏற்றதேயன்றி ஓவியத்துக்கு அவ்வளவாக ஏற்றதன்று. கற்பிக்கும் முறையும் கண்ணைவிடக் காதையே நம்பியது. ஒல்லாந்தர் காலத்தில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் சண்டிலிப்பாய்ப் பிள்ளையார்மீது பாடிய கல்வளை அந்தாதி, ஒரு செய்யுளின் முடிவே அடுத்த செய்யுளின் தொடக்கமாக அமையும் அந்தாதி முறையையும், ஒரே எழுத்துத்தொடர் வெவ்வேறு பொருளில் மடங்கி வரும் யமகத்தையும் இணைத்து, நினைவில் நிற்கும்படியாகவே கட்டப்பட்ட நூலாகும். அந்நூலைக் கற்றவனுக்குப் பிள்ளையாரும் வயலும் குளமும் நடந்து சென்று காணக்கூடிய தொலைவிலேயே இருந்தன; படம் வரைந்து காட்டவேண்டிய தேவை எழவில்லை.

குழந்தைகளுக்கான படநூலின் தொடக்கமாகப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கொள்வது, கொமேனியசு என்னும் மொராவிய நாட்டுக் கல்வியாளர் 1658இல் நூரம்பேர்க்கில் வெளியிட்ட 'படங்களால் ஆன புலனுலகம்' என்ற நூலையாகும். இலத்தீனும் ஜேர்மனும் அருகருகே அமைய, ஒவ்வொரு பொருளுக்கும் செதுக்குப்படம் இணைத்து உலகத்தைக் கற்பித்த அந்நூலை ஆக்கியவர், மதப்போரினால் தாய்நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டு வாழ்நாளின் பெரும்பகுதியை அந்நியமண்ணிற் கழித்து, ஆம்ஸ்ரடாமில் உயிர்நீத்தவர் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. படநூல் பிறந்ததே ஓர் ஏதிலியின் கையிலிருந்துதான். அதே 1658ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அவர்களோடு வந்த போதகர் பல்தேயசு 1672இல் ஆம்ஸ்ரடாமில் வெளியிட்ட பெருநூலில், மானிப்பாய், பண்டத்தரிப்பு உள்ளிட்ட வலிகாமத்துத் தேவாலயங்களின் செதுக்குப்படங்கள் இடம்பெற்றன. அது பெரியவர்களுக்கான நூலேயாயினும், இப்பகுதியின் கட்டடங்களும் பனைகளும் அச்சுப்படமாகி ஐரோப்பிய வீடுகளுக்குள் நுழைந்தது அதன்வழியேதான்.

சிறுவர் நூல் என்ற வகையில் இப்பகுதிக்கு நேரடித் தொடர்பு ஏற்படுவது அமெரிக்க மிசனின் வருகைக்குப் பின்னராகும். 1816இல் தெல்லிப்பழையிலும் 1817இல் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்ட அம்மிசனார், 1820இல் உடுவிலிலும் பண்டத்தரிப்பிலும் 1821இல் மானிப்பாயிலும் தமது நிலையங்களை அமைத்தனர். அதே 1820இல் அச்சுக்கலைஞராக வந்த ஜேம்சு கரெட்டை ஆங்கில அரசு நாட்டில் தங்கவிடாது திருப்பி அனுப்பியதால், அவர்களுடைய அச்சியந்திரம் நல்லூரிலிருந்த ஆங்கிலத் திருச்சபை மிசனாரின் பொறுப்பிற் சில ஆண்டுகள் இருந்து, 1830களில் அமெரிக்கரிடம் மீண்டு மானிப்பாயில் நிறுவப்பட்டது. சண்டிலிப்பாய்க்கு மிக அண்மையில் இயங்கிய அந்த அச்சுக்கூடத்திலிருந்தே 1841 சனவரியில் 'உதயதாரகை' என்னும் இருமொழி இதழும், 1842இல் மானிப்பாய் அகராதி எனப் பின்னர் அறியப்பட்ட பேரகராதியும், பள்ளிப் பிள்ளைகளுக்கான எண்ணற்ற சிறுநூல்களும் வெளிவந்தன. உலகத்தின் செய்தி தமிழ்ப் பிள்ளைகளுக்கு அச்செழுத்தில் வந்து சேரும் வழி இவ்வாறு திறந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு வழி திறந்தது; அதன் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நியூயோர்க்கில் மருத்துவத் தொழில் புரிந்து வந்த ஜோன் ஸ்கடர், 1819இல் அத்தொழிலைத் துறந்து கப்பலேறி, 1820 முதல் பண்டத்தரிப்பில் மருத்துவராகவும் போதகராகவும் பணியாற்றி, 1836இல் சென்னைக்கு மாறினார். 1842 முதல் 1846 வரை தாய்நாடு திரும்பியிருந்தபோது ஊர் ஊராகச் சென்று சிறுவர் கூட்டங்களிற் பேசிய அவர், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தாம் கண்டவற்றை அமெரிக்கச் சிறுவர்களுக்காகவே எழுதினார். அவ்வகையில் 1849இல் அமெரிக்கத் துண்டுப்பிரசுர சங்கம் வெளியிட்ட, 'அஞ்ஞானிகளைப் பற்றிச் சிறு வாசகர்களுக்கு' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட செதுக்குப்பட நூல் குறிப்பிடத்தக்கது. ஆடையும் அணியும், உணவும் வணக்கமுறையும், திருமணமும் இறுதிச் சடங்கும், தேரும் கோயிலும், சாதியும் நேர்த்திக்கடனும் அதில் தனித்தனி அதிகாரங்களாக வருகின்றன. வேற்றுப் பண்பாட்டைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தும் நூல் ஒன்றின் பொருளடக்கம் இன்றுங்கூட ஏறக்குறைய இவ்வாறே அமையக் காணலாம்.

ஆனால் அந்நூல் எதற்காக எழுதப்பட்டது என்பதே அதன் பார்வையைத் தீர்மானித்தது. வாசிக்கும் சிறுவர் தாம் பிறந்த சமயத்துக்காக நன்றியுணர்வு கொள்ளவும், சில்லறைக் காசைச் சேமித்து மிசனுக்கு அனுப்பவும், வளர்ந்தபின் தாமே மிசனரிகளாகப் புறப்படவும் வேண்டும் என்பதே ஆசிரியரின் நோக்கம். ஆகவே இரங்கத்தக்கனவும் அஞ்சத்தக்கனவுமே முதன்மை பெற, கொக்கி குத்தித் தொங்கும் செடில் போன்ற அரிதான சடங்குகள் அன்றாட வாழ்வின் இலக்கணமாக அங்கே நின்றுவிட்டன. ஸ்கடர் பண்டத்தரிப்பில் பல ஆண்டுகள் வாழ்ந்து, அயலவரின் நோய்க்கு மருந்து கொடுத்து, தம் பிள்ளைகளை அம்மண்ணிலேயே வளர்த்தவர். அவ்வாழ்வில் அவர் கண்டிருக்கக்கூடிய விளையாட்டு, தாலாட்டு, பிள்ளைகளின் குறும்பு ஆகியவற்றுக்கு அப்பக்கங்களிற் கிடைத்த இடம் மிகச் சிறிது. அவருடைய மனவுறுதியையும் ஈகத்தையும் மதிக்கின்ற ஒருவரும், அந்நூலிற் காட்டப்பட்ட பிள்ளைகளுக்கு அதைப் படிக்கவோ மறுமொழி சொல்லவோ வழி இருக்கவில்லை என்பதை மறந்துவிடலாகாது. உதவி வழங்கிய அமெரிக்கர்களின் பெயர்களையே வதிவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. உதயதாரகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய தமிழர் இருவரின் பெயர்களும் அவ்வாறு கடல் கடந்து வந்தவையே.

மறுமொழி வண்ணார்பண்ணையிலிருந்து வந்தது. 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அடுத்த ஆண்டே அச்சுக்கூடமும் நிறுவிய ஆறுமுக நாவலர், 1850 முதலாகப் பாலபாடங்களை வெளியிட்டார். எழுத்தறிவிலிருந்து எளிய வாக்கியத்துக்கும், அதிலிருந்து நீண்ட உரைநடைக்கும் வகுப்புக்கு வகுப்பு ஏறிச்செல்லும் அந்நூல்வரிசை, மிசனாரிடமிருந்து கற்ற அமைப்பைச் சைவப் பிள்ளைகளின் தேவைக்குத் திருப்பியது. சண்டிலிப்பாய்ப் பகுதியின் சைவப் பள்ளிகளிற் பல தலைமுறைகள் அவற்றையே கையிலெடுத்தன. எனினும் பாலபாடத்தின் அக்கறை அறநெறியிலும் ஒழுக்கத்திலும் தமிழ் உரைநடையின் தெளிவிலுமே தங்கியது. பிள்ளை விளையாடும் வளவும் அது உண்ணும் பண்டமும் பாடப்பொருளாவதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்த மாற்றத்தை நிகழ்த்தியவர்களுள் முதன்மையானவர் நவாலியூர் க. சோமசுந்தரப் புலவர் (1878–1953). வட்டுக்கோட்டையில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து, தலபுராணமும் பதிகமும் பாடவல்ல மரபுப் புலமை கைவரப்பெற்ற அவர், முதிர்ந்த வயதிற் பிள்ளைகளுக்காகப் பாடத் தொடங்கியமையும், அப்பாடல்களாலேயே 'தங்கத் தாத்தா' என மக்கள் நாவில் நிலைத்தமையும் ஈழத்துச் சிறுவர் இலக்கியத்தின் பேறாகும். 1930களில் கல்வி அதிகாரிகளும் தமிழாசிரியர்களும் ஊக்கமெடுத்துக் குழந்தைப் பாடல்களை எழுதுவித்ததன் பயனாக 1935இல் 'பிள்ளைப்பாட்டு' என்னும் தொகுப்பு வெளிவந்தது. புலவரின் பாடல்கள் அவர் மறைந்த பின், 1955இல், 'சிறுவர் செந்தமிழ்' என நூலுருப் பெற்றன.

அவருடைய ஆடிப்பிறப்புப் பாடலில் நிகழ்வது யாது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். ஆடி மாதத்தின் முதல்நாள், யூலை நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்து வீடுகளிற் கூழும் கொழுக்கட்டையும் ஆக்கிக் கொண்டாடப்படுவது. புலவர் அந்நாளின் மகிழ்ச்சியைப் பிள்ளைகளின் வாயிலாகவே சொல்லி, பண்டம் ஆகும் முறையைப் படிப்படியாக விரிக்கிறார். வறுத்துக் குற்றிய பயறு, இடித்த பச்சையரிசி மா, துருவிய தேங்காய், பனங்கட்டி ஆகியன ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன; மாவைத் தட்டி உள்ளீடு வைத்து மூடும் கைவேலையும், கூழ் கொதிக்கையில் எழும் மணமும், அதைச் சுடச்சுட அள்ளிக் குடிப்பதற்குப் பலாவிலையை மடித்துக் கோலும் செய்கையும் கேட்பவரின் கண்முன் நிற்கின்றன. 'கத்தரித் தோட்டத்து வெருளி'யிலும் அவ்வாறே, வெருளி எனப்படும் வைக்கோற் பொம்மையைப் பிள்ளையின் வியப்போடு அணுகி, அதன் கோலம் முழுவதையும் பாட்டுக்குள்ளேயே வரைந்துவிடுகிறார். ஓவியர் ஒருவர் தேவைப்படாத படநூல்கள் இவை. ஏனெனில் நவாலியிலும் சண்டிலிப்பாயிலும் இப்பாடல்களைப் பாடிய பிள்ளைக்குப் பலாமரம் வளவிலேயே நின்றது. வெருளி பக்கத்துத் தோட்டத்திலேயே கைவிரித்து நின்றது. சமயம் மாற்றவேண்டிய இரங்கத்தக்க உயிராக ஸ்கடரின் நூலில் நின்ற அதே மண்ணின் பிள்ளை, எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தன் பண்டிகையைத் தானே எடுத்துரைப்பதாக ஆயிற்று. ஈழத்துத் தமிழ்ச் சிறுவர் எழுத்தில் இதைவிடப் பெரிய திருப்பம் ஒன்றைக் காட்டுதல் அரிது.

இதே காலத்திற் புலம்பெயர்வு இப்பகுதிக்குப் புதிதன்று என்பதும் கவனிக்கத்தக்கது. 1880களில் மலாயாவில் இருப்புப்பாதைகள் இடப்பட்ட காலந்தொட்டு, மிசன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற வலிகாமத்து இளைஞர் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் மருத்துவ உதவியாளராகவும் அங்கே சென்றனர். பலர் பிள்ளைகளைப் படிப்புக்காக ஊருக்கு அனுப்பினர். ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள் கட்டிய கல்வீடுகள் மானிப்பாய் வீதியின் இருமருங்கும் எழுந்தன. தந்தை கோலாலம்பூரிலும் தாயும் பிள்ளைகளும் ஊரிலுமாக வாழ்ந்த அந்தக் குடும்பங்களின் கதை, அன்றைய சிறுவர் பாடல்களிலோ வாசகங்களிலோ இடம்பெற்றதாகச் சொல்லும்படி இல்லை. அது துயரமாகக் கருதப்படாது உத்தியோகமாகவே கருதப்பட்டமை இதற்கு ஒரு காரணமாகலாம்.

உலகம் படமாக யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் கைக்கு வந்தது விடுதலையை ஒட்டிய ஆண்டுகளிலேயே. 1947 முதல் சென்னையிலிருந்து வந்த 'அம்புலிமாமா' வண்ணப்படங்களோடு அரசர் கதைகளையும் வேதாளக் கதைகளையும் கொணர்ந்தது. 1950இல் குரும்பசிட்டியிலிருந்து மு. க. சுப்பிரமணியம் 'வெற்றிமணி' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். தென்னிலங்கையில் சிபில் வெத்தசிங்க 1956இல் எழுதி வரைந்த குடைத் திருடன் கதை, குடையையே கண்டிராத கிராமத்தவன் ஒருவன் நகரத்தில் அதைக் கண்டு வியப்பதாக அமைந்து, பின்னர் ஜப்பானியம் உள்ளிட்ட பல மொழிகளுக்குச் சென்றது. 1967இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்திற் சிறுவர் பகுதி திறக்கப்பட்டமை இவ்வளர்ச்சியின் ஒரு படியாகும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக அத்தலைமுறையினர் நினைவுகூர்வது மொஸ்கோவிலிருந்து வந்த தமிழ் நூல்களையே. முன்னேற்றப் பதிப்பகமும், 1980களில் ராதுகா பதிப்பகமும் வெளியிட்ட அந்நூல்கள், தடித்த வழுவழுப்பான தாளில் முழுப்பக்க வண்ணப்படங்களோடு, ஒரு பள்ளிப்பிள்ளையின் கைச்செலவுக்கு எட்டும் விலையிற் கிடைத்தன. அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதி நா. முகம்மது செரீபு மொழிபெயர்த்த 'அப்பா சிறுவனாக இருந்தபோது' இன்றும் மறுபதிப்புக் காணும் அளவுக்கு அன்பு பெற்றது. கம்பளித் தொப்பியும் உரோமக் காலணியும், ஊசியிலை மரங்களும், பனியிற் சறுக்கும் வண்டியும், மேசைமேல் நீராவி விடும் தேநீர்க் கலமும் பங்குனி வெயிலில் விறாந்தையில் அமர்ந்து வாசித்த பிள்ளைக்கு முற்றிலும் புதியவை. ஆனால் அங்கும் அப்பாவுக்கு அஞ்சும் மகனும் பேத்திக்காகக் காத்திருக்கும் பாட்டியும் இருந்தனர். வேற்று நாட்டவர் இரங்கத்தக்கவராகவோ அஞ்சத்தக்கவராகவோ தோன்றாது அயலவராகத் தோன்றிய இடம் இதுவாகும். அந்நூல்களுக்குப் பின்னால் ஓர் அரசின் பிரசார நோக்கம் இருந்தது உண்மையே. எனினும் குழந்தை நூல்களின் பெரும்பகுதி அந்நோக்கத்தைத் தாண்டி நின்றது.

1981 மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1983 யூலை இனவன்முறைக்குப் பின் இளைஞரும் குடும்பங்களும் நாட்டைவிட்டு நீங்கினர். அவர்களுட் பலர் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினை அடைந்து, அங்கிருந்து நகரத் தொடருந்தில் மேற்கு பெர்லினுக்குள் ஏதிலிகளாக நுழைந்தனர். படத்திற் கண்ட பனியை மேலுடை போதாத குளிரில் நேரிற் கண்டது அந்தத் தலைமுறை. சண்டிலிப்பாய்ப் பகுதி தன் பங்கு இழப்பை 1995இல் மிகக் கொடிதாகச் சந்தித்தது: அவ்வாண்டு யூலை 9ஆம் நாள், இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி இடம்பெயர்ந்து நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அதன் சூழலிலும் தஞ்சமடைந்திருந்தோர்மீது விமானப்படையின் குண்டுகள் வீழ்ந்ததிற் குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் வெறுமையாக, மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தனர். அவ்விடப்பெயர்வே பலருக்குக் கடல்கடந்த புலப்பெயர்வின் முதற்படியாயிற்று.

இப்பெயர்வின் முடிவில், ஆடிப்பிறப்பு வேறொரு நூலைக் கேட்கத் தொடங்கியது. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பிறந்த பிள்ளைக்குப் பலாவிலை என்பது தெரியாத பொருள். அதைக் கோலிக் கூழ் குடிப்பது பாடலாற் புலப்படாத செய்கை. நவாலியில் ஓவியர் தேவைப்படாதிருந்த அதே பாடல், இடம் மாறியவுடன் படமின்றி நிற்க இயலாததாயிற்று. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் இத்தேவையைத் தம்மால் இயன்றவாறு நிறைவேற்றின. ஜேர்மனியின் தமிழாலயங்களும், நோர்வேயின் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடமும், பிரான்சின் தமிழ்ச்சோலைகளும் வகுப்புக்கு வகுப்பு படங்களுடன் கூடிய பாடநூல்களை வழங்கின. மாட்டுவண்டி, பனை, கிணற்றுத்துலா, பொங்கற்பானை ஆகியன அவற்றில் அணிவகுத்தன. இவற்றின் பணி மதிக்கத்தக்கதெனினும், அப்பிள்ளை காலையில் ஏறிச்செல்லும் பேருந்தும் அது வாழும் மாடிக்குடியிருப்பும் அப்படங்களில் அரிதாகவே தோன்றின என்பதையும் சொல்லவேண்டும்.

இவ்விடத்தில் நவாலி மண்ணின் இன்னொரு புலவர் முன்வருகிறார். 1929இற் பிறந்த இ. அம்பிகைபாகர், 'அம்பி' என்ற பெயரால் அறியப்பட்டவர். அறிவியல், கணிதம் ஆகிய துறைகளிற் பாடநூலாக்கத்தில் ஈடுபட்டவர். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீனின் பணியைக் 'கிறீனின் அடிச்சுவடு' (1967) என்ற நூலால் மீட்டெடுத்தவர். சிறுவர்க்கான 'அம்பிப்பாடல்' 1969இல் வெளிவந்தபோது அவர் ஊர்ப்பிள்ளைகளுக்கே பாடினார். 1980களிற் பப்புவா நியூகினியிற் பணியாற்றி, பின் சிட்னியிற் குடியேறிய அவர், 1992இல் 'கொஞ்சும் தமிழ்' என்னும் நூலைப் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளை மனத்திற் கொண்டு ஆக்கினார். தமிழ் வீட்டுக்குள் மட்டுமே ஒலிக்கும் சூழலில், தமிழ் எழுத்தைக் காணுமுன்னே ஆங்கில எழுத்தைக் கண்டுவிட்ட பிள்ளை எவ்வாறு பாடலை அணுகும் என்ற வினாவை, பாடத்திட்ட அனுபவமும் கவித்துவமும் ஒருங்கே பெற்ற ஒருவரே எதிர்கொள்ள முடிந்தது. சோமசுந்தரப் புலவர் தொடக்கிய மரபு அதே ஊரவரின் கையால் அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்த்து நடப்பட்டமை தற்செயலே ஆயினும், ஆய்வாளர் மேலும் கருத்திற் கொள்ளவேண்டிய ஒன்று. அம்பி 2024இற் சிட்னியிற் காலமானார்.

குடியேறிய நாடுகளின் நிறுவனங்களும் தம் பங்கை ஆற்றின. நாத்சிகளால் ஜேர்மனியைவிட்டு நீங்கிய யெல்லா லெப்மன், போர் முடிந்தபின் திரும்பிவந்து 1949இல் மியூனிக்கில் நிறுவிய பன்னாட்டு இளையோர் நூலகம், பல மொழிச் சிறுவர் நூல்களை ஒரே கூரையின்கீழ் வைக்கும் எண்ணத்துக்கு வழிகாட்டியிருந்தது. ரொறன்ரோ பொதுநூலகம் தமிழ்ச் சிறுவர் நூல்களைச் சேர்த்ததோடு, தொலைபேசியிற் கதை கேட்கும் தன் சேவையிலே தமிழையும் ஒரு மொழியாக்கியது. இலண்டனின் மந்திரா லிங்குவா பதிப்பகம், புகழ்பெற்ற ஆங்கிலப் படநூல்களைத் தமிழும் ஆங்கிலமும் இணைந்த பதிப்புகளாக வெளியிட்டது. அவற்றுள் ஒன்றான ஐலீன் பிரவுனின் கதையில், கென்யாவின் லூவோ இனத்துச் சிறுமி ஹண்டா தன் தோழிக்காகப் பழக்கூடையைத் தலையில் வைத்து நடக்க, வழியில் விலங்குகள் ஒவ்வொரு பழமாக எடுத்துவிடுகின்றன. அக்கூடையில் வாழையும் கொய்யாவும் மாவும் அன்னாசியும் உள்ளன. இலண்டன் தமிழ்ப்பிள்ளைக்கு ஆபிரிக்காவை அறிமுகப்படுத்த வந்த அந்நூல், அதை மடியில் வைத்து வாசித்துக்காட்டும் அம்மம்மாவுக்குச் சண்டிலிப்பாய் வளவின் மரங்களையே காட்டுகிறது. தன் பேரப்பிள்ளைக்கு ஊரைச் சொல்ல அவருக்குக் கிடைத்த முதற்படம் கென்யாவினுடையதாக இருக்கவும் கூடும். சென்னையிலிருந்து தாரா, தூலிகா ஆகிய பதிப்பகங்கள் 1990கள் முதல் வெளியிட்டுவரும் தரமான தமிழ்ப் படநூல்களும் இவ்வீடுகளை எட்டியுள்ளன; ஆனால் அவற்றின் நிலம் தமிழ்நாடும் இந்தியாவுமேயாம்.

ஊரும் படமாயிற்று, வேற்றுலகமும் படமாயிற்று. இரண்டுக்கும் இடைப்பட்ட பயணமே இன்னும் படமாகவில்லை. பிற சமூகங்களில் அப்பயணம் சிறுவர் நூலின் உயர்ந்த பொருளாகியிருக்கிறது. ஜப்பானுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே மனம் பிளவுண்ட தாத்தாவின் வாழ்வை அலன் சே 1993இல் வரைந்தார். மலேசியச் சீனத் தந்தையின் மகனான அவுஸ்திரேலிய ஓவியர் ஷோன் டான், 2006இல் ஒரு சொல்லுமில்லாத படநூலொன்றிற் குடியேறியின் திகைப்பை வாசகரும் உணரச் செய்தார். மொழி தெரியாத நாட்டில் ஒருவன் எதை எவ்வாறு காண்பான் என்பதை எழுத்தின்றிச் சொன்னதே அந்நூலின் ஆற்றல். ஈழத்தமிழரின் பயணத்தில் இத்தகைய பொருளுக்குக் குறைவில்லை. 1986 ஓகஸ்டில், இரண்டு உயிர்காப்புப் படகுகளிற் கடலில் விடப்பட்ட 155 தமிழர் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையருகே மீனவர்களால் மீட்கப்பட்டனர். அவர்களுக்குக் கிடைத்த முதல் உணவும் போர்வையும் அம்மீனவர்களுடையவை. பெரியவர்களுக்கான தமிழ் எழுத்து இவ்வனுபவத்தைத் துணிவோடு எதிர்கொண்டது; அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகளும், 2001இல் வெளிவந்த ஷோபாசக்தியின் 'கொரில்லா'வும் அதற்குச் சான்று. பிள்ளைகளுக்கோ, தாத்தாவின் ஊர் எப்படியிருந்தது என்று சொல்லப்பட்டதேயன்றி, அவர் ஏன், எவ்வாறு அங்கிருந்து வந்தார் என்பது சொல்லப்படவில்லை.

இவ்வெற்றிடத்துக்குக் காரணங்கள் உண்டு. கொலையையும் பயத்தையும் பிள்ளையிடமிருந்து மறைக்க விரும்பும் பெற்றோரின் மனம் முதலாவது. ஏதிலி விண்ணப்பத்திற் சொல்லவேண்டியதைச் சொல்லியும் சொல்லக்கூடாததை மறைத்தும் பழகிய தலைமுறை, வீட்டுக்குள்ளும் வாய் திறக்கத் தயங்கியது இரண்டாவது. நான்கு வண்ண அச்சின் செலவும், ஆசிரியரே பணமிட்டு வெளியீட்டு விழாவிற் சில நூறு படிகளை விற்கும் புலம்பெயர் பதிப்பு முறையும் மூன்றாவது. எழுத்து நூலுக்கு ஈடுகொடுக்கும் அம்முறை, ஓவியருக்கும் ஊதியம் வழங்கவேண்டிய படநூலைத் தாங்கவில்லை. இக்காரணங்களுட் கடைசியானது இப்போது தளர்ந்து வருகிறது. 2015 முதல் இயங்கும் பிரதம் பதிப்பகத்தின் திறந்த இணையத்தளத்தில் எவரும் தமிழிற் படக்கதை ஆக்கலாம். 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் காத்து இலவசமாகத் திறந்து வைத்திருப்பதால், எரிந்துபோன பழம்பதிப்புகளின் வரிசையிற் சேராது தப்பிய சிறுவர் நூல்களை எந்நாட்டிலிருந்தும் ஓர் ஓவியர் எடுத்து நோக்கலாம். ஸ்கடரின் 1849ஆம் ஆண்டு நூலும் இன்று இணையத்தில் எவருக்கும் கிடைக்கிறது. பண்டத்தரிப்பை விட்டுவந்த குடும்பமொன்றின் கனடியப் பேத்தி, தன் முன்னோர் அதில் எவ்வாறு காட்டப்பட்டனர் என்பதைப் படித்துவிட்டு, தன் அம்மம்மா சொல்ல மறுத்த பயணத்தை அவரிடம் கேட்டு எழுதுவதற்கு வேண்டியவை யாவும் இப்போது அவளுக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. கேட்கப்படவேண்டியவர்களின் வயதுதான் எண்பதை நெருங்குகிறது.